தட்டு எடுத்து வருபவர்

என் கல்யாணப் பத்திரிகையை நானே அனுப்பினேன். மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறைக்கு மூடிய அன்று, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு. ஆசிரியர் அறையில் பாதிப் பேர் கிளம்பிப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனை எடுத்து எண்பத்தைந்து வீடுகளுக்கும் ஒரே அழுத்தில் அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

"நிரஞ்சனா – முத்துராமன் திருமணம். செப்டம்பர் பள்ளி விடுமுறை, ஆவணி ஞாயிறு, காலை ஒன்பது முதல் பத்துக்குள்." கோவில் எது, பந்தி எங்கே என்பதெல்லாம் அதற்குக் கீழே. அதற்கும் கீழே ஒரு படிவத்துக்கான இணைப்பு. வருகிறீர்களா, எத்தனை பேர், சைவமா அசைவமா, பதில் சொல்லக் கடைசி நாள் எது. பெற்றோர் சந்திப்புக்கு நான் அனுப்பும் அதே மாதிரிப் படிவம்தான். அதில் வேலை செய்வது இதில் செய்யாமல் போகுமா என்று நினைத்தேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம். ஒரே மகன் ரித்திக் தேசிய சேவையில், கட்டாய ராணுவத்தில், இருக்கிறான். இதெல்லாம் எண்பத்தைந்து வீட்டுக்கும் மனப்பாடம். அண்ணன் வீடு தவிர மற்றவர்களுக்குத் தெரியாத ஒரே விஷயம் முத்துராமன்தான்.

முத்துராமன் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறார். ஐம்பது வயது, இதுவரை கல்யாணமாகாதவர். போன வருஷம் இருபத்து மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குக் கற்றல் பயணம் போனோம். திரும்ப வேண்டிய நேரம் பதினொன்று நாற்பது. பதினொன்று முப்பத்தெட்டுக்கு இருபத்து மூன்று பேரும் பேருந்துப் படியில் வரிசையாக நின்றார்கள். "பதினஞ்சு வருஷமா ஸ்கூல் டிரிப் ஓட்டுறேன் டீச்சர். சொன்ன நேரத்துக்கு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார். நான் போனைத் தூக்கிக் காட்டினேன், மூன்று அலாரம் வைத்திருந்ததை. அவர் சிரிக்காமல் மரியாதையாகப் பார்த்தார். அங்கே விழுந்தேன்.

சனிக்கிழமை காலை அண்ணனிடமிருந்து போன் வந்தது. சுந்தரேசன், என்னைவிட எட்டு வயது பெரியவர், புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறார். முத்துராமனைப் பற்றி மார்ச் மாதமே அவரிடம் சொல்லியிருந்தேன். "யோசிச்சுச் செய்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

"என்ன நிரஞ்சி, வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகை? பர்த்டே பார்ட்டியா இது?"

"ஏண்ணே, எழுத்துப்பிழை ஏதும் இருக்கா?"

"வெளையாடாத. பத்திரிகைன்னா வீட்டுக்கு வந்து வைக்கணும். தட்டோட. எல்லாரும் எனக்குப் போன் பண்றாங்க லா. பதில் சொல்ல முடியல."

"தட்ட யாரு எடுக்கறது?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார். "உங்க அண்ணி எடுக்க மாட்டேங்கறா. வேற யாரக் கேக்கறது? நீ ஒண்ணு செய். ரெஜிஸ்ட்ரில சிம்பிளா முடிச்சிரு. ஒரு மாசம் கழிச்சு நானே எல்லாருக்கும் பக்குவமாச் சொல்லிக்கறேன்."

சட்டம் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். தட்டு இல்லாமல் பத்திரிகை இல்லை. சுமங்கலி இல்லாமல் தட்டு இல்லை. சுமங்கலி வர மாட்டார். ஆகவே கல்யாணத்தைக் கமுக்கமாக முடித்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் எல்லாரும் நல்லவர்கள்.

அன்று மத்தியானம் குடும்பக் குழுவில் அண்ணி எழுதினார்: "முறையாகப் பத்திரிகை வைத்தால் பார்க்கலாம்." முப்பத்தெட்டுக் கட்டைவிரல்கள் அதற்குக் கீழே விழுந்தன. சாயங்காலம் படிவத்தைத் திறந்தேன். சுந்தரேசன் குடும்பம்: வரவில்லை.

எனக்கு எண்பத்தைந்து வீடும் வர வேண்டும் என்றில்லை. பாதி வந்தால் சாப்பாடு மிச்சம் ஆகாது என்று பார்ப்பவள் நான். ஆனால் அண்ணன் வர வேண்டும். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மணவறையில் உட்காரும்போது என் பக்கம் பிறந்த வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஒரு ஆசையை எந்தப் படிவத்திலும் கேட்க முடியவில்லை.

பத்திரிகை வைப்பது எனக்குத் தெரியாத வேலை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகன் வருணுக்குக் கல்யாணம். எண்பத்து நான்கு வீடு, ஐந்து வார இறுதி. திட்டம் முழுக்க என்னுடையது. முகவரிகளையெல்லாம் அஞ்சல் குறியீட்டு வரிசையில் அடுக்கினேன், ஒரே வட்டாரத்துக்கு இரண்டு தடவை போகக்கூடாதே. வீடு வாரியாகக் குறிப்பு எழுதினேன். "லிப்ட் பதினொன்றில்தான் நிற்கும், ஒரு மாடி ஏறணும்." "நாய் இருக்கு." "காபி வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க." "மூத்த மருமகளிடம் முதலில் நீட்டவும்." இந்த ஊரில் இவ்வளவு சுத்தமாகப் பத்திரிகை வைத்த குடும்பம் வேறு இருக்காது.

முதல் சனிக்கிழமை, முதல் பிளாக்கின் கார் நிறுத்துமிடத்தில், நான் தட்டைக் கையில் எடுத்தேன். அண்ணி மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீ கார்லயே இரு நிரஞ்சனா. போன்ல வழி சொல்லு. அதுதான் உனக்கு நல்லா வரும்." கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கி வைப்பது போலச் சொன்னார்.

நானும் இருந்தேன். எண்பத்து நான்கு வீட்டுக்கும் கார்லயே இருந்தேன். பின் சீட்டில் ஐந்தாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்தினேன். ஒவ்வொரு வீடு முடிந்ததும் பட்டியலில் ஒரு டிக் போட்டேன்.

செம்பவாங்கில் பெரியப்பா வீடு. அண்ணனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டைக் கண்டுபிடித்ததும் அவர் போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டுவிட்டார். பெரியப்பா கதவைத் திறப்பது கேட்டது. "வாங்க வாங்க. நிரஞ்சனா வரலையா?" என்று அவர் கேட்டதும் கேட்டது. "அவளுக்கு ஸ்கூல்ல வேலை பெரியப்பா" என்றார் அண்ணி. நேர் கீழே, பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் நான்காவது மாடியில், நான் காதில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஸ்பூன் டம்ளரில் இடிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நான் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பெரியப்பா வீட்டுக்கு டிக் போட்டேன். அன்றைக்கு அழுதிருக்கலாம். கட்டுரைத் தாளில் விழுந்துவிடுமே என்று அழவில்லை.

அண்ணியைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கணவர் இறந்த மூன்றாவது மாதம், ஒரு புதன்கிழமை, பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூடன்ட் கேரிலிருந்து ரித்திக்கைக் கூட்டி வர மறந்துவிட்டேன். பெற்ற பிள்ளையை மறந்துவிட்டேன். அதுவரை அந்த வேலை அவன் அப்பாவுடையது. ஏழு மணிக்கு நிலையத்தை மூட வேண்டும், என் போன் அடித்து ஓய்ந்து போயிருக்கிறது, பட்டியலில் அடுத்த பெயர் அண்ணி. டாக்ஸி பிடித்து ஓடியிருக்கிறார். நான் தலைவிரி கோலமாக அவர் வீட்டுக்குப் போய் நின்றபோது, "சாப்ட்டுத் தூங்கிட்டான், சத்தம் போடாத" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

மறுநாள் என் போனில் முதல் அலாரத்தை வைத்தேன். மாலை ஐந்து நாற்பத்தைந்து, "ரித்திக்". அதிலிருந்துதான் எல்லாம் வளர்ந்தது. பள்ளிக்கூடம் சிவப்பு, ரித்திக் நீலம், வீடு பச்சை, அண்ணனின் சர்க்கரைப் பரிசோதனை நாள் மஞ்சள். ரித்திக்குக்கு இப்போது துப்பாக்கி சுடத் தெரியும். இன்னும் தினம் ஐந்து நாற்பத்தைந்துக்கு அது அடிக்கிறது. நான் அதை நீக்கவில்லை.

அந்த டாக்ஸிக்காக அண்ணியை நான் பல வருஷமாக மன்னித்துக்கொண்டே வந்தேன். கார்லயே இரு என்றதையும் அந்தக் கணக்கில் கழித்தேன். ஆனால் கமுக்கமாக முடித்துக்கொள் என்பது வேறு. அது எந்தக் கணக்கிலும் கழியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்துராமன் வந்தார். படிவத்தைக் காட்டினேன்.

"நான் வேணா எங்க அக்காவக் கூட்டிட்டுப் போய் வைக்கட்டுமா டீச்சர்?"

"வேணாம். அது மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை ஆயிரும். இது என் வீட்டுப் பத்திரிகை."

"அப்ப?"

"முறையா வந்து வைக்கணும்னு சொல்றாங்க. சரி, முறையா வச்சிருவோம்."

போனில் பழைய பட்டியலைத் தேடினேன். "வருண் கல்யாணம் – பத்திரிகை" என்று அப்படியே இருந்தது. நகல் எடுத்தேன். பெயரை மாற்றினேன். டிக்கெல்லாம் அழித்தேன். நாயும் லிப்ட்டும் காபியும் பத்திரமாக இருந்தன. எண்பத்தைந்தாவதாக ஒரு வீடு சேர்த்தேன். அண்ணன் வீட்டுக்கே பத்திரிகை வைக்கப் போகிறவள் இந்தக் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள்.

பிறகு ஜூன் விடுமுறையின் நான்கு வார இறுதிகளுக்கும் நேர அட்டவணை போட்டுக் குடும்பக் குழுவில் ஏற்றினேன். கூடவே இதையும் எழுதினேன்.

"சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம். கேட்டுக்கொண்டபடி முறையாகப் பத்திரிகை வைக்க வருகிறேன். உங்கள் வீட்டுக்கான நாளும் நேரமும் இணைப்பில் உள்ளன. ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். தட்டு எடுத்து வருபவர்: நிரஞ்சனா. அந்த நேரம் வசதிப்படாதவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும்."

குழுவில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. காலை வணக்கப் பூக்கள்கூட இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ரித்திக் முகாமிலிருந்து ஒரே ஒரு கட்டைவிரல் போட்டான். தனியாக எனக்கு, "அம்மா, கடைசில 'முன்கூட்டியே தெரிவிக்கவும்' செம சவேஜ் லா" என்று அனுப்பினான். பிள்ளை வளர்ந்துவிட்டான்.

சாமான் வாங்க தேக்கா சந்தைக்குப் போனேன். வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, மஞ்சள், சந்தனம். குங்குமச்சிமிழ் வீட்டில் இருந்தது, ஆனால் புதிதாக ஒன்று வாங்கினேன். வெள்ளித் தட்டும் புதிது. கடைக்கார அம்மா, "யார் கல்யாணம் மா?" என்றார். "என் கல்யாணம்" என்றேன். அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு இன்னொரு கைப்பிடி வெற்றிலையை எடுத்துப் பையில் போட்டார்.

முத்துராமன்தான் கார் ஓட்டினார். முதல் வீட்டு வாசலில் அவரும் இறங்கப் பார்த்தார்.

"நீங்க கார்லயே இருங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். முழுக் கதையும் அவருக்குத் தெரியும். சீட்டைச் சாய்த்துக்கொண்டார். "டிரைவர்தானே. பழக்கம்தான்" என்றார்.

எண்பத்து நான்கு வீட்டையும் சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஒன்பது வீடு திறக்கவில்லை. அதில் ஐந்து வீட்டு வாசலில் செருப்பு இருந்தது, ஒரு வீட்டில் டிவியும் ஓடியது. அங்கெல்லாம் கம்பிக் கதவில் பத்திரிகையைச் செருகிவிட்டு, வந்த நேரத்தைப் பின்னால் எழுதிவிட்டு வந்தேன். ஜூரோங்கில் ஒரு சித்தி, தட்டை வாங்காமல், பத்திரிகையை மட்டும் இரண்டு விரலால் எடுத்தார். பக்கத்து பிளாக்கில் அவருடைய மகளே சிமிழில் விரலைத் தோய்த்து நெற்றியில் வைத்துக்கொண்டு, "கூறைப் புடவை என்ன கலர்க்கா?" என்று கேட்டாள். எதிர்பார்த்த வீட்டில் அடி விழுந்தது, எதிர்பாராத வீட்டில் பஜ்ஜி கிடைத்தது.

செம்பவாங்கில் பெரியப்பா தானே கதவைத் திறந்தார். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்து இருபது வருஷம். சந்தனம் எடுத்துக்கொண்டார், குங்குமமும் எடுத்துக்கொண்டார்.

"போன தடவை நீ வரல. ஸ்கூல்ல வேலைன்னாங்க."

"வந்திருந்தேன் பெரியப்பா. கீழ கார்ல இருந்தேன்."

பெரியப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். வருண் கல்யாணத்தில் முதல் ஆளாக அட்சதை போட்டவர் அவர்தான். மனைவி இல்லாதவரை யாரும் காரில் உட்கார வைக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மனசில்லை, ஆனால் அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். லிப்ட் வரை கூடவே வந்து, கதவு மூடும் வரை நின்றார்.

கடைசி ஞாயிறு, ஐந்தரை மணி. எண்பத்தைந்தாவது வீடு.

அந்த நேரத்தை நான் வேண்டுமென்று போடவில்லை. அஞ்சல் குறியீட்டு வரிசைப்படி அன்றைய கடைசி வீடு அதுவாக இருந்தது. வசதிப்படாது என்று அவர்களிடமிருந்து தகவல் எதுவும் வரவில்லை. ஒன்பதாவது மாடியில் லிப்டை விட்டு இறங்கும்போது தட்டை ஒரு தடவை நேராக்கிக்கொண்டேன். மற்ற எண்பத்து நான்கும் பயிற்சி, இதுதான் பரீட்சை.

வருணின் மனைவி ரக்ஷனா கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை. "வாங்க அத்தை" என்றாள். அண்ணன் சோபாவில் உட்கார்ந்திருந்தார், கையில் இல்லாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வருண் எழுந்து நின்றான். அண்ணி சமையலறை வாசலில்.

நான் வழக்கப்படி வீட்டுப் பெரிய சுமங்கலியிடம் முதலில் போனேன். தட்டை நீட்டினேன்.

"அண்ணி, செப்டம்பர்ல எனக்குக் கல்யாணம். குடும்பத்தோட வரணும்."

அண்ணி தட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மேசை மேல வச்சிரு" என்றார்.

"எடுத்துக்குங்க அண்ணி."

"நிரஞ்சனா, மங்கல காரியத்துக்கு ஒரு முறை இருக்கு. உன்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா தட்ட நீ எடுத்துட்டு வரக்கூடாது. உனக்கே தெரியும்."

"இது என் கல்யாணம் அண்ணி. என்னையும் கார்லயே உட்கார வச்சுட்டா, தாலிய யாருக்குக் கட்டுவாங்க?"

ரக்ஷனா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குழந்தையை வருணிடம் கொடுத்துவிட்டு நேராக வந்து சிமிழில் விரலை வைத்து, நெற்றியில் இட்டு, வகிட்டிலும் இட்டுக்கொண்டாள். "நல்ல குங்குமம் அத்தை, தேக்காவா?" என்றாள். அண்ணி சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

தட்டு என் கையிலேயே இருந்தது. ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் முன்வரிசைப் பிள்ளை மேடையில் மறப்பது போல மறந்துவிட்டது. அப்போதுதான் என் கைப்பையில் போன் அடித்தது. ஐந்து நாற்பத்தைந்து.

அந்த அலாரம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷமாகப் பொங்கலன்றும் தீபாவளியன்றும் அந்த வீட்டில் அடித்திருக்கிறது. குழாய்ச் சத்தம் நின்றது. நான் அலாரத்தை நிறுத்தவில்லை, அதுவே அடித்து ஓயட்டும் என்று விட்டேன். பிறகு சமையலறைச் சுவரைப் பார்த்துப் பேசினேன்.

"அண்ணி, அன்னிக்கு டாக்ஸி புடிச்சு ஓடினது நீங்க. என் புள்ளைக்குச் சோறு ஊட்டினது நீங்க. அத நான் மறக்கல. கார்லயே இருன்னு சொன்னதும் நீங்க. அதையும் மறக்கல. ஸ்கூல்ல வேலைன்னு பெரியப்பாகிட்ட சொன்னீங்களே, அது எனக்குப் போன்ல கேட்டுச்சு. எல்லாத்தையும் மனசுல வச்சுக்கிட்டுத்தான் கூப்பிடறேன். கமுக்கமா எதுவும் நான் செய்யப்போறதில்ல. வாங்க."

அண்ணன் தலையைத் தூக்கினார். போனில் கேட்டது என்ற வார்த்தை அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் முகம் கறுத்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், அந்தப் போன் இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருப்பது போல.

"நீ சொல்லவே இல்லையே" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லண்ணே."

வாசலை எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை வரலையா?" என்றார்.

"வந்திருக்கார். கீழ கார்ல இருக்கார்."

"ஏன் கார்ல? மேல கூப்பிட வேண்டியதுதானே?"

"கார்ல இருக்கறவங்கள மேல கூப்பிடற வழக்கம் நம்ம வீட்ல இல்லையே அண்ணே."

அண்ணன் எழுந்தார். மூட்டுவலி, எழுவதற்கே இரண்டு தடவை முயல வேண்டும். என்னிடம் வந்து தட்டைத் தன் இரண்டு கையாலும் வாங்கி மேசைமேல் வைத்தார். பத்திரிகையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வருண், "நான் போறேன்பா" என்று சொன்னதையும் கேட்காமல், லிப்ட்டுக்கு நடந்தார்.

ஏழு நிமிடம் கழித்து முத்துராமனோடு மேலே வந்தார். முத்துராமன் வியர்த்திருந்தார். அண்ணன் அவர் தோளில் கை போட்டிருந்தார், அது பிரியமா மூட்டுவலியா என்று சொல்ல முடியவில்லை. எனக்கு அப்போதுதான் கண் கலங்கியது. கலங்கட்டும் என்று விட்டேன். தாள் எதுவும் மடியில் இல்லை.

காபி வந்தது. கொண்டு வந்தவள் ரக்ஷனா. போட்டது அவள் இல்லை. என் காபியில் சர்க்கரை இல்லை, நான் சர்க்கரையை நிறுத்தியது ரக்ஷனாவுக்குத் தெரியாது. சமையலறை வாசலுக்கு யாரும் வரவில்லை.

கிளம்பும்போது அண்ணன், "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"போன்ல அனுப்பியிருக்கேண்ணே. பாருங்க."

காரில் ஏறி பெல்ட் போடுவதற்குள் போன் ஒரு தடவை அதிர்ந்தது. படிவத்தில் ஒரு பதில் மாறியிருந்தது. சுந்தரேசன் குடும்பம்: வருகிறோம். சைவம். எண்ணிக்கை: 4.

அண்ணன், வருண், ரக்ஷனா, குழந்தை. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். அந்த வீட்டில் ஐந்து பேர்.

"என்ன டீச்சர்?" என்றார் முத்துராமன், காரைக் கிளப்பிக்கொண்டே.

"ஒரு தப்பு இருக்கு" என்றேன். நான்கை அழித்துவிட்டு ஐந்து என்று போட்டேன். இருபத்து மூன்று வருஷமாக நான் செய்கிற வேலை திருத்துவதுதான்.